எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: 1987 போர்ஷே 944, செந்தூல், கோலாலம்பூர்

2 நவம்பர் 2024, சனி, இரவு 11.40

யாராவது 944 வைத்திருக்கிறீர்களா? அல்லது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் பழைய மோட்ரானிக் எஞ்சினில் கை வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

தீபாவளிக்கு மறுநாள் ராவாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், செலாயாங் தாண்டி ஒரு சிக்னலில் கார் தானாக அணைந்தது. இருமல் இல்லை, உதறல் இல்லை, சுவிட்சைத் தட்டியது போல அணைந்தது. ஓரமாகத் தள்ளி வைத்து இருபது நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகி வீடு வரை வந்தது. இன்று மாலை பேஸ்மென்டில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. ஒரு வெடிப்புகூட இல்லை.

காரைப் பற்றி: 1987, 2.5 லிட்டர், வலது பக்க ஸ்டியரிங், கேட்டலிஸ்ட் இல்லாத 163 குதிரைசக்தி எஞ்சின். என்னிடம் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. ரோன் 97 பெட்ரோல் தவிர வேறு ஊற்றியதில்லை.

பின்னால் பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கவில்லை. ஆர்பிஎம் ஊசி ஸ்டார்ட்டர் சுற்றும்போது துடிக்கிறது, அதனால் எஞ்சின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சார் சரியாகத்தான் இருக்க வேண்டும். என் சந்தேகம் பம்ப் மேல்தான். சரிதானா?

3 நவம்பர், ஞாயிறு, காலை

பதில் எழுதிய எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேட்டரி: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. பத்துக்குக் கீழே இறங்கவில்லை. எர்த் வயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் போட்டேன், மாற்றம் இல்லை.

டைமிங் பெல்ட் பற்றிக் கேட்ட பட்டர்வொர்த் அண்ணனுக்கு: நீங்கள் சொல்லும் வரை அதை நினைக்காமல் நேற்று பத்து தடவை சுற்றியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும். பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க எதையும் கழற்றி அடுக்க வேண்டியதில்லை. 944இல் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் கேம் ஷாஃப்டின் முன் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது. மூடியை மட்டும் கழற்றி, அக்கா மகனை சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தேன். கேம் ஷாஃப்டைச் சுற்றுவது பெல்ட்தான். ரோட்டர் சுற்றியது. பெல்ட் இருக்கிறது.

யார் காராக இருந்தாலும் இதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

3 நவம்பர், இரவு

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கின்றன, பெட்ரோல் வாசனையே இல்லை. பம்ப்தான் என்று இன்னும் உறுதியாகத் தோன்றுகிறது.

ஒரு பட்டறைக்கு போன் போட்டேன். காரைப் பார்க்காமலே பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். டோ லோரி இந்த பேஸ்மென்டுக்குள் நுழையாது, மேல் உயரம் 2.1 மீட்டர்தான். காரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இரண்டு தளம் மேலே தள்ளணும். அதனால் இங்கேயே, இந்தக் குழல் விளக்கு வெளிச்சத்திலேயே கண்டுபிடிக்கப் போகிறேன்.

5 நவம்பர், செவ்வாய்

டிஎம்இ ரிலே. 944 வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அது, இங்கேயும் மூன்று பேர் சொன்னீர்கள். ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலே: ஒன்று டிஎம்இ என்ற எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும், இன்னொன்று பெட்ரோல் பம்புக்கு. உள்ளே ஈயப் பற்று காலப்போக்கில் விரிசல் விடும். சூட்டில் விரிசல் அகலும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். செலாயாங்கில் நடந்ததற்கும் இது பொருந்தி வந்தது.

என் பக்கத்து லாட்டில் வண்டி நிறுத்தும் சீன அங்கிள் முன்பு டிவி ரிப்பேர் செய்தவர். ரிலேயைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பற்றாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் முடி மாதிரி வளையம். ஜாலான் பாசாரில் வாங்கிய ஈயம் அவர் வீட்டிலேயே இருந்தது. பழையதை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்று வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மாட்டினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

சரி, ரிலேயையே தாண்டிப் பார்ப்போம் என்று அதைப் பிடுங்கிவிட்டு 30, 87, 87பி மூன்று பின்களையும் வயரால் இணைத்தேன். பின்பக்கத்திலிருந்து பம்ப் ஓடும் இரைச்சல் கேட்டது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பம்ப் உயிரோடு இருக்கிறது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃபியூயல் ரெயில் நுனியில் அழுத்தமும் இருக்கிறது. அப்படியே ஸ்டார்ட்டரைச் சுற்றினேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் இன்னும் காய்ந்தே இருக்கிறது.

ஆக, 2ஆம் தேதி நான் எழுதியது தவறு. பம்ப் மேல் குற்றமில்லை. பம்ப் வாங்க ஆர்டர் போடாமல் இருந்ததற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

5 நவம்பர், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, கீழே போய் ஸ்பார்க் பார்த்தேன். உபரியாக வைத்திருந்த பிளக்கை வயரில் செருகி, எஞ்சின் உலோகத்தில் பதிய வைத்து, கை படாமல் சுற்றினேன். கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் செய்ய வேண்டாம், அடி பலமாக இருக்கும். ஸ்பார்க் இல்லை. இருட்டில் ஒரு துளி நீலம்கூட இல்லை.

பெட்ரோலும் தெளிக்கவில்லை, ஸ்பார்க்கும் இல்லை. ஆனால் ஊசி துடிக்கிறது. இது எப்படி?

6 நவம்பர்

பழைய அலாரம் பெட்டி இருக்கிறதா என்று கேட்ட தம்பிக்கு: இருக்கிறது. 90களில் யாரோ போட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே டேப் சுற்றிய வயர்க் கூட்டம். இது வெட்டுவது ஸ்டார்ட்டர் வயரை மட்டும், ஸ்டார்ட்டர்தான் நன்றாகச் சுற்றுகிறதே. அதனால் குற்றவாளி இது இல்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுதாகக் கழற்றி, வயர்களை முன்பு இருந்தபடி சேர்த்துவிட்டேன். உங்கள் காரிலும் அந்தக் காலத்து அலாரம் இருந்தால், எதை வெட்டுகிறது என்று ஒருநாள் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். சிலர் பம்பை வெட்டுவார்கள், சிலர் இக்னிஷனை.

9 நவம்பர், சனி

பெரிய திருத்தம். தயவுசெய்து 2ஆம் தேதிக் குறிப்பை நம்பாதீர்கள்.

அக்கா மகன் வந்திருந்தான். ஸ்பார்க் இல்லாமல் ஊசி எப்படித் துடிக்கும் என்று அவனிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். நான் சாவியைத் திருப்ப, அவன் போனில் மீட்டர் போர்டை வீடியோ எடுத்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஆர்பிஎம் அசையவே இல்ல, அசையறது பக்கத்துல இருக்கற வோல்ட் மீட்டரு" என்றான்.

ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் ஊசி கீழே போய் மேலே வருகிறது. ஆர்பிஎம் ஊசி பூஜ்யத்தில் படுத்தே கிடக்கிறது. சாவியைத் திருப்பும்போது என் காது எஞ்சின் மேல், கண் பாதி போர்டின் மேல். அசைந்ததைப் பார்த்தேன், எது அசைந்தது என்று பார்க்கவில்லை. ஒரு வாரம் இதனால் போயிற்று.

ஊசி படுத்திருக்கிறது என்றால் கதையே வேறு.

10 நவம்பர், ஞாயிறு

ஏன் வேறு என்று கேட்டவர்களுக்கு விரிவாக எழுதுகிறேன். எனக்கும் எழுதினால்தான் தெளிவாகிறது.

இந்தக் காரின் மூளை, டிஎம்இ என்று சொல்கிறோமே, அதற்குக் கண் இரண்டு. எஞ்சினின் பின்னால், கிளட்ச் கூட்டுக்கு மேலே, ஃபிளைவீலைப் பார்த்தபடி பக்கம் பக்கமாக இரண்டு சென்சார். ஒன்று ஸ்டார்ட்டர் கடிக்கும் பல் சக்கரத்தின் பற்களை எண்ணும், அது வேகம் சொல்வது. இன்னொன்று ஃபிளைவீலில் பதித்த ஒரே ஒரு ஊசித் திருகு தன்னைத் தாண்டும்போது துடிக்கும், எஞ்சின் இப்போது சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்வது அது. இந்த இரண்டும் சொல்லாவிட்டால் எஞ்சின் சுற்றுவதே டிஎம்இக்குத் தெரியாது. தெரியாவிட்டால் ஸ்பார்க் கொடுக்காது, இன்ஜெக்டரைத் திறக்காது, பம்ப் ரிலேயையும் இழுக்காது. எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் பம்ப் ஓடவில்லை. உத்தரவு வரவில்லை, ஓடவில்லை.

என் பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வயர்மேனாக இருந்தவர். சின்ன வயதில் அவர் டூல் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். "ஒரு விளக்கு அணைஞ்சா பல்பைப் பாரு, வீடே அணைஞ்சா பல்பைக் கழட்டாதே, மெயினுக்குப் போ" என்பார். ஸ்பார்க், இன்ஜெக்டர், பம்ப் மூன்றும் ஒரே நேரத்தில் செத்துப் போவதில்லை. மூன்றுக்கும் பொதுவான இடத்துக்குப் போகணும். பொதுவான இடத்தில் இருப்பது ரிலே, டிஎம்இ, சென்சார் இரண்டு, இவற்றின் வயர். ரிலேயைத் தாண்டிப் பார்த்தாயிற்று.

நேற்றிரவு இன்ஜெக்டர் பிளக்கில் ஒரு எல்இடியும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் செருகிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மினுக்கணும். மினுக்கவில்லை.

12 நவம்பர்

வேறு விஷயம், ஆனால் ஒருவர் கேட்டதால்: ஆமாம், 944 எஞ்சினில் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. 2.5 லிட்டரில் நான்கே சிலிண்டர் என்றால் நடுக்கம் அதிகம், அதை அடக்க. அந்த உரிமத்தை போர்ஷே மிட்சுபிஷியிடமிருந்துதான் வாங்கினார்கள். 1985இல் வந்த நம் மலேசியாவின் முதல் புரோட்டான் சாகாவும் மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேயிலிருந்து பிறந்தது. எங்கள் வீட்டில் முதல் கார் சாகாதான், அப்பா அதைத் துடைக்காத ஞாயிறு கிடையாது. நான் இந்த ஜெர்மன் காரின் பெல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சாகாவில் கார்புரேட்டர். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் தனித்தனியாகப் பார்த்தால் போதும். அதில் பழகிய கை என்பதால்தான் பம்பைப் பிடித்துத் தொங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

16 நவம்பர், சனி, மதியம்

சென்சார் இரண்டையும் வயர் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். 1, 2 பின்களுக்கு நடுவே ஒன்றில் 980 ஓம், மற்றதில் 1010 ஓம். 600க்கும் 1600க்கும் நடுவே இருக்கணும் என்பது கணக்கு. இரண்டும் சரி. டிஎம்இதான் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

16 நவம்பர், இரவு 9.15

மதியம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதிதான் அளந்திருக்கிறேன். பின் மூன்று இருக்கிறது. 3ஆவது, வயரைச் சுற்றி இருக்கும் வலைப் பின்னலுக்கு. 1க்கும் 3க்கும், 2க்கும் 3க்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. வேகச் சென்சாரில் இல்லை. இடம் சொல்லும் சென்சாரில் வயரை விரலால் லேசாக வளைத்தால் மீட்டரில் சில நூறு ஓம் வருகிறது, விட்டால் மறைகிறது.

வீட்டுக்காரம்மாவின் ஹேர் ட்ரையரை எடுத்து வந்து வயரின் மேல் ஐந்து நிமிடம் காட்டினேன். மீட்டர் இறங்கி 60 ஓமில் நின்றுவிட்டது. வளைக்கத் தேவையே இல்லாமல்.

செலாயாங் சிக்னல் இதுதான். நின்ற காரில் காற்றோட்டம் இல்லை, சூடு ஏறியது, சென்சார் அனுப்பும் சிக்னல் வலைப் பின்னலில் கசிந்து செத்தது. இருபது நிமிடத்தில் ஆறியது, உயிர் வந்தது. பிறகு கிளிப்பில் வயர் மடிந்து அழுந்தும் இடத்தில் நிரந்தரமாகவே ஒட்டிக்கொண்டது.

அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளித்தோல் தீபாவளிக்கு வாங்கி மறந்துபோன முறுக்கு மாதிரி, விரல் பட்டாலே உதிர்கிறது. உள்ளே வலைப் பின்னல் பச்சை பூத்திருக்கிறது. அதன் ஒரு இழை, ஒரே ஒரு இழை, உள் வயரின் தோலைக் குத்திக்கொண்டு நிற்கிறது. முப்பத்தேழு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த வயர். நம் ஊர் வெயிலில், நம் ஊர் ஜாமில்.

17 நவம்பர்

கழற்றுவதுதான் பெரிய வேலை. சென்சார் எண்ணெயும் சூடும் பட்டு ஊதிப்போய், தாங்கியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. இடுக்கியால் இழுத்தால் உடைந்து பாதி உள்ளே நிற்கும். நேற்றிரவே துரு எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். இன்று ஆலன் போல்ட்டைக் கழற்றி, சென்சாரை முன்னும் பின்னும் மில்லி மில்லியாகத் திருகித் திருகி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். கழற்றும் முன் கிளட்ச் கூட்டு வாயில் துணி அடைத்துவிடுங்கள், போல்ட் உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸைக் கழற்றும் வேலையாகிவிடும்.

சென்சாரைத் தாங்கும் இரும்புத் தாங்கியை அசைக்கவில்லை. அதை அசைத்தால் சென்சார் நுனிக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர் இடைவெளியைத் திரும்ப அளந்து வைக்கணும்.

இரண்டு சென்சாரும் ஒரே வகைதான், இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ஒன்றுதான் கெட்டது, ஆனால் இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டும் ஆர்டர் போட்டேன்.

26 நவம்பர்

தபால் வந்துவிட்டது. கையில் ஒருமுறை அளந்தேன், மூன்று பின்களையும். சரி.

30 நவம்பர், சனி, இரவு

மாட்டினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

ஆர்பிஎம் ஊசியும் அசையவில்லை. போனை போர்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்து எடுத்தேன், இந்த முறை கண்ணை நம்பவில்லை. எல்இடி மினுக்கவில்லை. மாலை ஆறிலிருந்து கீழேயே இருக்கிறேன். மனம் விட்டுப் போகிறது. டிஎம்இ கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1 டிசம்பர், ஞாயிறு, காலை 7.20

ஓடுகிறது!

காலையில் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள், ஈப்போ அண்ணே: "டிஜி, பிஜி எழுத்தைப் பார்த்து மாட்டினியா?" வாசித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

சென்சார் வயரைச் செருகும் பிளக்கில் ஜெர்மன் எழுத்து இருக்கும். டிஜி என்றால் வேகம் சொல்வது, பிஜி என்றால் இடம் சொல்வது. என் காரில் அந்த எழுத்துப் பட்டை இரண்டுமே என்றோ உதிர்ந்துவிட்டது. பிளக் இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, இது அதிலும் அது இதிலும் இடைஞ்சல் இல்லாமல் செருகிக்கொள்ளும். கழற்றும்போது ஒரு நூல் கட்டியிருக்கலாம், ஒரு கீறல் போட்டிருக்கலாம். செய்யவில்லை. இரண்டு வாரம் இடைவெளியில் எது எது என்று கைக்கு மறந்துவிட்டது, நினைவிருக்கிறது என்று நினைத்து மாட்டியிருக்கிறேன். மாற்றி மாட்டினால் பல் எண்ண வேண்டியது திருகைத் தேடும், திருகைச் சொல்ல வேண்டியது பற்களைக் கத்தும், டிஎம்இக்கு ஒன்றும் புரியாது.

இரண்டு பிளக்கையும் பிடுங்கி மாற்றிச் செருகினேன். சாவியைத் திருப்பினேன். ஆர்பிஎம் ஊசி முதல் சுற்றிலேயே துள்ளியது. இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் நின்ற எஞ்சின், முதலில் கரகரப்பு, அப்புறம் எண்ணெய் ஏறியதும் அந்தச் சீரான ஒலி. பேஸ்மென்ட் முழுக்க எதிரொலித்தது. அங்கிள் லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் போனட் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

1 டிசம்பர், மாலை

மஞ்சள் டேப்பும் வெள்ளை டேப்பும் சுற்றியாயிற்று. மஞ்சள் பிஜி. மீட்டர் போர்டு பெட்டியில் ஒரு துண்டுத் தாளிலும் எழுதி வைத்துவிட்டேன், எனக்கு அடுத்து இந்தக் காரைத் திறப்பவருக்காக.

8 டிசம்பர், ஞாயிறு

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நேற்று மதியம் வேண்டுமென்றே வெயில் உச்சியில் பத்துமலை வரை போனேன். திரும்பும்போது ஜாலான் ஈப்போ நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தேன், ஏர்கான் முழு வேகத்தில். அணையவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, போனட்டைத் திறக்காமல் சூடு ஏறட்டும் என்று பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திருப்பினேன். இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊசி துள்ளியது, எடுத்துக்கொண்டது.

டைமிங் பெல்ட் போட்டு நான்காவது வருடம் முடிகிறது, தைப்பூசத்துக்கு முன் மாற்றிவிடுவேன். பட்டர்வொர்த் அண்ணன் பயமுறுத்தியதில் அந்த வேலை முன்னால் வந்துவிட்டது.

பழைய சென்சார் கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்கு: கழற்றியதில் டிஜி நன்றாக இருக்கிறது. சூடு காட்டி மூன்று பின்களையும் அளந்துவிட்டேன், அவசரத்துக்கு காரில் வைத்துக்கொள்ள உதவும். செந்தூல் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். பிஜியைத் தர முடியாது. அந்த ஒரு இழையை அக்கா மகன் பள்ளிக்கூடத்தில் நண்பர்களுக்குக் காட்டணுமாம்.